சுவரில்லாத குளியலறை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் குளியலறை கீழ்வீட்டுக்குள் ஒழுகத் தொடங்கியதால் சுவரை உடைத்துப் பழைய குழாய்களை மாற்ற வேண்டி வந்தது. அதைக் கேள்விப்பட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து என் பள்ளித்தோழி வந்தாள். அவள் சிற்பி. கழற்றிய இரும்புக் குழாய்களை எறியாமல் தனக்குத் தரச் சொன்னாள். ஒரு வீட்டை நடத்துகிற பொருட்களை யாரும் பார்ப்பதில்லை, அவற்றை வைத்துத்தான் ஏதாவது செய்யப்போகிறேன் என்றாள். சுவரை உடைத்த மேசன் பாஸ் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

வேலை முடிய ஒன்பது நாள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் அவள் வந்து குழாய்கள் எங்கே வளைகின்றன, எங்கே பிரிகின்றன என்று அளந்து எழுதினாள். கணவர் வேலைக்குப் போன ஒரு முற்பகலில், இந்த வீட்டில் நீ அதிக நேரம் இருந்த இடம் எது என்று கேட்டாள். யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஐந்தாம் மாதத்தில் எங்கள் பிள்ளை தங்காமல் போனது. ஆசுபத்திரியால் வந்தபின் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவருக்குக் கேட்கக்கூடாதென்று நான் குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தரையில் குந்தியிருந்து அழுவேன். மாதக்கணக்கில் அப்படி.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றேன்.

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?" என்று என் கையைப் பிடித்தாள்.

சில மாதங்கள் கழித்து அவளுடைய சிற்பக் கண்காட்சிக்குக் கணவரும் நானும் உடுத்திக்கொண்டு போனோம். மண்டபத்தின் நடுவில் எங்கள் குழாய்கள் நின்றன. வீட்டில் இருந்த அதே வளைவுகள், அதே உயரம். சுவர் மட்டும் இல்லை. உள்ளே எங்கோ ஒலிபெருக்கி வைத்து, தண்ணீர் விழுகிற சத்தத்தை ஓடவிட்டிருந்தாள். பக்கத்துப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: பிள்ளையை இழந்த ஒருத்தி, தன் அழுகை கணவனுக்குக் கேட்காதிருக்க இந்தக் குழாயைத் திறந்துவிட்டாள்.

இரண்டு இளம் பெட்டைகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

அவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னேன்.

"உன்ர பேர் நான் போடேல்லையே" என்றாள். "இது எத்தினை வீட்டில நடக்குது. அந்த வரி இல்லாட்டி இது வெறும் இரும்புதானடி."

அவளுக்கு நான் சொன்னதில் தேவையாக இருந்தது அந்த ஒரு வரிதான் என்று அப்போது விளங்கியது. அதற்குமேல் அவளோடு கதைக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்றுவரை கதைக்கவில்லை.

திரும்பி வருகையில், பம்பலப்பிட்டி தாண்டும்வரை அவர் முச்சக்கரவண்டிக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கேட்டது. ஒவ்வொரு நாளும் கேட்டது."

ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"நான் வரக்கூடாதெண்டுதானே பைப்பைத் திறக்கிறீர் எண்டு நினைச்சன். கதவுக்கு வெளியில நிண்டனான்."

தோழி செய்தது என் நெஞ்சில் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. இது அதைவிட ஆழமாக இறங்கியது. அத்தனை மாதமும் ஒரு கதவு தள்ளி நின்றிருக்கிறார்; தட்டவில்லை. அவர் என் கையைத் தொட வந்தபோது நான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.