பால்குடத்தன்று வந்த சாவுச் செய்தி

நாற்பத்தோரு வயதில் நான் மறுபடி மாணவன் ஆனேன். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் வேலை எனக்கு. புதிதாக வரப்போகும் மெஷினைப் பற்றிப் படித்து வர ஆறு வாரம் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். நான் படித்தது பத்தாவது. அங்கே பாடம் எடுத்தவருக்கு என் மூத்த மகனைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். தினமும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறப்பேன்.

பெரம்பலூரில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவன் வாலிகண்டபுரத்துக்காரன், பன்னிரண்டு வருடமாகக் கட்டட வேலை. இன்னொருவன் லாரி ஓட்டுகிறான். பள்ளியிலிருந்தே அவனை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் விடுதி வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"பை எங்கடா? டிபன் பாக்ஸ் எங்க? ஸ்கூல் புள்ளைய பாக்க வந்தா கைய வீசிக்கிட்டு நிக்கிற" என்றான் பாய்.

"வுடு பாயி, பரிச்சையில பக்கத்துல பாத்து எழுத நம்ம இல்லியேன்னு கவலையா இருக்கான்" என்றான் மற்றவன்.

இருபத்தைந்து வருடம் ஒரு நொடியில் போய்விட்டது. மூன்று பேரும் ரோட்டிலேயே நின்று ஒரு மணி நேரம் பேசினோம். வாலிகண்டபுரத்தான் டீ வேண்டாம் என்றான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதமாம். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. அவன் மகன் நாலு வயது வரை பேசவில்லை. பேச்சு வந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தான். பையன் பேசி இரண்டு வருடம் ஆகிறது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் லீவு கிடைக்கவில்லை.

பூசத்தன்று வாலிகண்டபுரத்தானுக்குத் துணையாக நானும் பாயும் கோயிலுக்குப் போனோம். போன் இருந்தால் மனசு அலையும் என்று அவன் அதைத் தன் ரூமிலேயே வைத்துவிட்டு வந்தான். பால்குடம் கட்டும் இடத்தில் அவன் வரிசையில் நிற்கும்போது என் மனைவி போன் செய்தாள். அவள் பிறந்த ஊரும் வாலிகண்டபுரம்தான்.

"ஒங்க சிநேகிதரோட பெரியப்பா விடியகாலம் தவறிட்டாருங்க. பன்னெண்டு மணிக்கு எடுக்குறாங்களாம். அவருக்கு போன் போட்டா எடுக்கலன்னு அங்க எல்லாரும் அழுவுறாங்க."

அவனுக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அந்தப் பெரியப்பாதான். சொன்னால் போனில் முகமாவது பார்ப்பான். ஆனால் பங்காளி சாவு. காதில் விழுந்த நிமிடமே தீட்டு. பால்குடத்தைத் தொட முடியாது. கேட்டால்தான் தீட்டு, கேட்காதவரை இல்லை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஒங்க தீட்டு கணக்கு எனக்குத் தெரியாதுடா. மவுத்து சேதிய மறைக்கலாமா? போய் சொல்லு" என்றான்.

"ரெண்டு வருசமா நிக்கிற வேண்டுதல்டா. புள்ள விசயம்."

"அப்ப நீயே முடிவு பண்ணு. நாளைக்கு என்னைய இழுக்காத."

அதற்குள் குடத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் அரோகரா என்றேன். அது பக்தியில் வந்ததா பயத்தில் வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

சீக்கிரம் முடிந்துவிடும், ஊரில் உடலை எடுப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கூட்டம் அப்படி நகரவில்லை. சந்நிதியில் பாலை ஊற்றி அவன் வெளியே வந்தபோது அங்கே மணி இரண்டரை, நம் ஊரில் சரியாகப் பன்னிரண்டு. எடுத்திருப்பார்கள். இனி என்ன அவசரம், நாற்பத்தெட்டு நாள் கழித்து ஒருவாய் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அன்னதானத்தில் அவன் தட்டுக்கு நானே ரசம் வாங்கிக் கொடுத்தேன். பாய் சாப்பிடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கை கழுவியதும் சொன்னேன்.

"எப்படா தெரியும் ஒனக்கு?"

"காலையில."

என் போனிலிருந்து வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டான். யாரோ எடுத்துப் பந்தலைக் காட்டினார்கள். கட்டில் காலியாக இருந்தது, கழுவிவிட்ட தரை தெரிந்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீ நல்லது பண்ணுனியா கெட்டது பண்ணுனியான்னு எனக்குப் புரியலடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவும் இல்லை. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

படிப்பு முடிந்து ஊர் வந்த மறுநாளே துக்கம் கேட்க வாலிகண்டபுரம் போனேன். அவன் பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார்.

"அவன் மொகம் பாக்கட்டும்னு பன்னெண்டரை வரைக்கும் வச்சிருந்தோம் தம்பி. போன் போட்டுக்கிட்டே இருந்தோம். அதுக்கு மேல பங்காளிங்க வுடல."

பன்னிரண்டரை. பால் ஊற்றியாகிவிட்டது, வேண்டுதல் முடிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் முகத்தையும் பார்த்திருப்பான். அந்த அரை மணி நேரம் நான் அவனுக்கு ரசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறைக்காமல் எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் சொன்னேன். பிடித்த கையை அவர் விடவில்லை.

"நல்லா சாப்ட்டானா?" என்று கேட்டார்.

"சாப்ட்டாம்மா."

"பன்னெண்டரை வரைக்கும் வச்சிருந்தது அவனுக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லல. நான் சொன்னா ஒன்னைய குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். நீயே சொல்லிடு தம்பி."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்துவிட்டான். பையன் புதிதாக என்னென்ன பேசுகிறான் என்று சொல்கிறான். நானும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் முருகனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன், வாயில் வேறு பேச்சு வருகிறது. சொன்னால் அவனுக்குத் திரும்ப ஒரு சாவு. சொல்லாவிட்டால் மறுபடி அதே தப்பு. நாளைக்கும் ஞாயிறு. முடிவு செய்ய வேண்டியது நான்தான் என்பது மட்டும்தான் புரிகிறது.