உப்பளத்தில் மழை கேட்டவள்

துவைத்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, உலை வைத்துத் திரும்பினால் அது அப்பளமாக விறைத்து நிற்கிறது. தூத்துக்குடிக்கு வந்து இரண்டு மாதமாகியும் இந்த வெயிலை என்னால் நம்ப முடியவில்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அடுப்புக்கு மேலே நாள்கணக்கில் துணி உலர்த்தியவள் நான். எங்களுக்கு இங்கே 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு வைக்கிற பெயரா இது? என் வீட்டுக்காரருக்குப் புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. எனக்கு மாதா கோயில் கிடைத்தது.

தோட்டத்தில் சாமியார் எப்போதாவதுதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் நாங்களேதான். அதைக் கேள்விப்பட்ட இந்த ஊர்ச் சாமியார், "பூசையில மன்றாட்டை நீங்க சொல்லுங்கம்மா" என்றார். ஒரு பெண் மைக் முன்னால் நின்று மன்றாடுவது இங்கே இப்போதுதான் வந்திருக்கும் பழக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் நான் வெறும் சிலோன்காரி. இந்தக் கோயில் என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளுமா என்பது இதில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு, நோயாளிகளுக்காகவும் கடலுக்குப் போகிறவர்களுக்காகவும் மன்றாடினேன். ஒவ்வொன்றுக்கும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் பதில் சொன்னது. அந்தச் சத்தம் கொடுத்த தெம்பில், தோட்டத்தில் வழக்கமாகக் கடைசியில் கேட்பதை முழுக்குரலில் கேட்டேன்: "பூமி நனைய நல்ல மழை தாரும்." அங்கே இதற்குத்தான் தகரக் கூரை அதிரும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் மட்டும் தனியாக வந்தது.

வெளியே வந்ததும் அடுத்த வீட்டு ரோசம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்.

"ஏளா, எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே. ஒரு மழ பெஞ்சா வாரி வச்ச உப்பெல்லாம் கரைஞ்சிரும். பொறவு கூலிக்கு எங்கன போக?"

"எங்க பக்கம் மழ இல்லாட்டித்தான் வேல இல்லக்கா. கொழுந்து வராதே."

"மழையக் கேட்டு வாங்குத ஊரா?" அக்கா நம்பவே இல்லை.

அன்று பிற்பகலே வானம் கறுத்துவிட்டது. குவித்து வைத்த உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடத் தெருவே ஓடியது, நானும் ஓடினேன். மற்ற பெண்கள் ஓலைக் கட்டைத் தலையில் வைத்தார்கள். நான் கயிற்றை நெற்றியில் மாட்டி, கொழுந்துக் கூடை போல முதுகில் தொங்கவிட்டேன். "சிலோன்காரி சுமக்குத லெச்சணத்தப் பாருங்க" என்று யாரோ சிரித்தார்கள். எனக்குக் கை இரண்டும் சும்மா இருந்ததால், காற்றில் பறந்த ஓலைகளையும் ஓடி ஓடிப் பிடித்தேன். காற்றும் கூச்சலும் ஓட்டமுமாக, எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம். நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கடல் பக்கம் போய்விட்டது. அம்பாரங்கள் தப்பின.

அடுத்த ஞாயிறு மன்றாட்டு நேரம் வந்தபோது எழுந்திருக்க எனக்குத் துணிவில்லை. ரோசம்மாக்காதான் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"போளா. மழையக் கேட்ட வாயால வெயிலக் கேளு."

கேட்டேன். உப்பு விளைய நல்ல வெயில் தாரும் என்று நான் முடிக்கும் முன்பே கோயில் அதிர்ந்தது.

கடைசியாக, அவரவர் மனத்தில் உள்ளதைக் கேட்கக் கொஞ்ச நேரம் மௌனம். என் தங்கச்சி இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். மழை பொய்த்தால் அவளுக்கு அரை வேலைதான். மலைக்கு மழை தாரும் என்று உதடு அசையாமல் கேட்டேன். மௌனம் முடிந்ததும் உப்பளத்துச் சனம் மொத்தமும், எல்லோரையும் விட ரோசம்மாக்கா சத்தமாக, பதில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."