பக்கிரிக்கு ஏறிய ஒரு மார்க்

கூத்தாநல்லூருக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் பக்கிரி என்றால் கட்சி, கட்சி என்றால் பக்கிரி. மீசை முளைக்கும் முன்பே கழகத்தில் சேர்ந்தவர். எந்தக் கழகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நாட்டுல இருக்குறது ஒரே கழகந்தான்யா" என்று சண்டைக்கு வந்துவிடுவார். பகலெல்லாம் பண்ணையில் கூலி, சாயங்காலம் கொடிக்கம்பத்தடியில் அரசியல். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையின் உபரி நிலத்தில் அவருக்கு ஒரு ஏக்கர் ஒதுக்கினார்கள். பண்ணையார் விடுவாரா? கோர்ட்டுக்குப் போனார். ஆட்சிகள் மாறின, ஜட்ஜுகள் ரிடையர் ஆனார்கள், பண்ணையாரே போய்ச் சேர்ந்தார். அப்புறம்தான் பட்டா வந்தது. அதற்குள் பக்கிரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

நிலத்தில் ஆசை தீர நாலு போகம் பார்ப்பதற்குள் மறதி வியாதி வந்துவிட்டது. பொல்லாத வியாதி. கடைசியாக வந்ததை முதலில் பிடுங்கியது. பக்கிரிக்குக் கடைசியாக வந்தது அந்த ஒரு ஏக்கர்தான். ஒரு நாள் விடிந்ததும் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூலி வேலை கேட்டுப் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றார். பண்ணை வீட்டைப் பிள்ளைகள் விற்று, அது இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமாகி வெகுகாலம் ஆயிற்று. பேரனுக்கு சீட் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்த வாட்ச்மேன், "அட்மிஷன் முடிஞ்சிட்டு பெரியவரே" என்றான். குட் மார்னிங் சொல்லிப் போன பொடிசுகளுக்கெல்லாம் பக்கிரி குனிந்து கும்பிடு போட்டார்.

மனைவி அம்சம் ஓடிப்போய் இழுத்து வந்தாள். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். தின்ற சோற்றை மறக்கட்டும், பெற்ற பிள்ளையை மறக்கட்டும், அம்சம் பொறுத்துக்கொள்வாள். இந்த மனுசன் மறுபடி பண்ணையாளாகி நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த வாசலுக்குப் போகிற கால் ஒரு நாள் தானாக நின்றால் போதும் என்று வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மறதிக்குப் புது மருந்து கொடுத்துச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புருசனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். டாக்டர் சாரங்கபாணி பொறுமையாகத்தான் விளக்கினார்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா சோதனை கெட்டுப்போயிடும்."

"குடுக்குற உங்களுக்கே தெரியாதா? நல்லாருக்கு போங்க!" என்றாள் அம்சம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள். வேறு கதி?

மருந்துக்கு முன்னால் ஒரு பரீட்சை. கிழமை கேட்டார், தெரியவில்லை. மாதம் கேட்டார், பக்கிரி யோசித்துப் பார்த்துக் கைவிரித்தார்.

"இப்ப நம்ம முதலமைச்சர் யாருங்க?"

பக்கிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் தலைவர் பெயரை, முன்னால் நாலு பட்டம், பின்னால் ஒரு வாழ்க சேர்த்து முழங்கினார். கோட்டையில் அப்போது இருந்ததோ எதிர்க் கழகம். டாக்டர் உச்சுக்கொட்டிக்கொண்டு சைபர் போட்டார்.

"அய்யா, இத எப்பக் கேட்டாலும் இவரு அதத்தான் சொல்லுவாரு. நல்லா இருந்தப்பவே அப்புடித்தான். இது வியாதி இல்லீங்க, கட்சி" என்றாள் அம்சம்.

"பேஷண்ட் பதில் சொல்றப்ப நடுவுல பேசக் கூடாதும்மா."

மாதக்கணக்கில் மாத்திரை உள்ளே போனது. பக்கிரியும் தவறாமல் பள்ளிக்கூட வாசலுக்குப் போனார். நடுவில் தேர்தல் வந்தது, பக்கிரியின் கழகம் ஜெயித்தது, தெருவெல்லாம் வெடி. அடுத்த பரீட்சையில் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பக்கிரி அதே தலைவரை, அதே பட்டங்களோடு சொன்னார்.

டாக்டர் துள்ளி எழுந்துவிட்டார். "ஒரு மார்க் ஏறியிருக்கும்மா! இந்த வியாதியில இறங்கும், ஏறவே ஏறாது!" ஜூனியர் டாக்டர்கள் ஓடி வந்து பக்கிரிக்குக் கை கொடுத்தார்கள். மருந்து செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு அப்போதே செய்தி பறந்தது.

"அய்யா, இவரு எங்கங்க மாறுனாரு? கோட்டையில ஆளு மாறிட்டாங்க" என்றாள் அம்சம். யாரும் காதில் வாங்கவில்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்கிக் காலையிலகூடப் பண்ணை வாசல்ல போயி நின்னாருங்க. நெலம் யாருதுன்னு கேளுங்க, அதச் சொல்றாரான்னு பாருங்க!"

சாரங்கபாணி பாவமாகச் சிரித்தார். "அது கேள்வித்தாள்ல இல்லையேம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கட்சிக் கொடிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவர் கிளம்பியபோது அவள் தடுக்கவில்லை. கூடவே நடந்தாள்.

"பண்ணையில இன்னைக்கி வேலை இல்லையாம். வேற எடத்துல ஆளு கேக்குறாங்க, வாங்க" என்று வாய்க்கால் கரையில் திருப்பி, அவருடைய ஒரு ஏக்கருக்கே கூட்டிப் போனாள். நடவு பச்சை பிடித்து, களை மண்டிக் கிடந்தது. பக்கிரி வரப்பிலேயே தயங்கி நின்றார்.

"யாரு வயலு புள்ள இது?"

"பக்கிரின்னு ஒருத்தரு. கேஸ் நடத்தி வாங்குனாரு."

"நம்ம ஆளா?"

"நம்ம ஆளுதான்."

பக்கிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாருங்க" என்றாள்.

பக்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.