பங்காளியும் சம்பந்தியும்

திரேஸ்புரத்தில் மீன் ஏலம் விடும் அம்மாள் அவர். கறுத்த, பருத்த உருவம். ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். எங்கள் பல்கலைக்கழகம் அந்தக் கடற்கரை மக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டம் நடத்த விரும்பியது. அவர் சரி என்றால்தான் தெரு எங்களை உள்ளே விடும்.

கூட்டத்தில், "இனி நாம் பங்காளிகள்" என்று பெருமையாகத் தொடங்கினேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஏல அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பங்காளின்னா வெட்டுக்குத்துல்லா வரும், அண்ணாச்சி! சம்பந்தின்னு சொல்லுங்க. எங்க பிள்ளையள ஒங்கள நம்பித்தான படிக்க அனுப்புதோம்?"

"சரி, சம்பந்தி" என்றேன்.

"அப்ப நல்லது கெட்டதுக்கு வரணும். வாரிய, கேள்வி கேக்கிய, எழுதிக்கிட்டுப் போயிருதிய. அது ஆவாது."

சம்மதம் கொடுத்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை தன் மகள் கல்யாணத்துக்கும் அழைத்தார். தலையாட்டினேன். ஆனால் வேலை மும்முரத்தில் அடியோடு மறந்துவிட்டேன்.

மறுவாரம் மாணவர்களோடு போனபோது, தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவரோ ஏலத்தை நிறுத்திவிட்டுக் கத்தினார்:

"ஏளா, நாற்காலி போடு! கல்யாணத்துக்கு வராம முறுக்கிக்கிட்டாரு பாத்தியா, இப்பத்தான் இவரு அசல் சம்பந்தி!"

கடற்கரையே சிரித்தது. அன்று எல்லா வீடும் எங்களுக்குத் திறந்தது.

முறுக்கெல்லாம் இல்லை, மறந்துபோனேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?