அம்மைக்கு ஒரு சர்டிபிகேட்

மகளுக்கு நேற்று அம்மை கண்டது. லீவு என்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து இன்று காலையே செய்தி வந்துவிட்டது. திருவேற்காட்டில் ஒரு கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். மனைவி கொடுத்தனுப்பிய வேப்பிலைக் கொத்து மகளின் கையில் நசுங்கிக் கசப்பாக மணக்கிறது.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் காலை, இதே மணத்தோடுதான் வாத்தியார் முன்னால் நின்றேன். அம்மை இறங்கி, எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அது. அம்மாவும் கூட வந்திருந்தாள். வாத்தியார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"டாக்டர் சர்டிபிகேட் எங்கே?"

"ஆத்தா ஊட்ல வந்து குந்திகினு கீறசொல்ல டாக்டராண்ட எப்டி சார் போறது?" என்றாள் அம்மா.

"எல்லாரும் இப்படித்தான் பொய் சொல்றீங்க."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மொத்த வகுப்பும் பார்க்க என் சட்டையைத் தூக்கினாள். "நீயே பாத்துக்க சார்." முதுகெல்லாம் கருத்த வடுக்கள். பையன்கள் சிரித்தார்கள்.

"இத உரிச்சு ரெஜிஸ்டர்ல ஒட்டவா?" என்றார் வாத்தியார்.

அன்று மாலை ஒரு டாக்டர், என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வெறும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார். வாத்தியார் அதை மறுபேச்சில்லாமல் நம்பினார். அம்மா அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை.

எங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள். டாக்டர் மகளின் நெற்றியில் கை வைக்கப் போகிறார்.

"மொதல்ல சர்டிபிகேட் எழுதிடுங்க டாக்டர்" என்கிறேன். "அப்புறம் இவளைப் பாருங்க."