சகலையோடு வாத்து பார்க்கப் போன நாள்

ஜெராக்ஸ் கடையை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்தது ஸ்டூடியோக்காரரின் கடை. ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் துணி, கயிற்றில் கட்டிய சீப்பு, கோட்டு இல்லாதவர்களுக்காக ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. பாஸ்போர்ட் படம் மட்டும்தான் எடுப்பார். கல்யாணம் என்று யாராவது வந்தால், "வெளி வேலை எடுக்கறதில்லீங்க" என்று கும்பிடு போட்டுவிடுவார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அப்படியில்லை. மனைவியின் அக்கா புருஷனான சகலையின் மகள் கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மெமரி கார்டு பல்லிளித்துவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கி மீட்டது பதினொரு படம். அதில் ஏழு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களிலும் இரண்டு பேர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சகலை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் இருவரும் விசேஷ வீடுகளில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அந்தச் சகலையே கடை வாசலில் வந்து நின்றார். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்குப் பறவைப் படப் பைத்தியம் பிடித்திருப்பதாக மனைவி சொல்லிக் கேள்வி.

"ஊருக்கு வெளிய, சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற குளத்துல வெளிநாட்டு வாத்து வந்து இறங்கியிருக்கு. நாளைக்குக் காலையில வண்டி எடுத்துட்டு வரேன். கூட வாங்க."

"நானா?"

"எனக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குது. தனியா போகக்கூடாதுன்னு வீட்டுல கண்டிஷன்."

மறுநாள் காரில் இருவரும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே போனார்கள். குளக்கரையில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் தண்ணீர் முழுக்க வாத்துகள். வாலில் ஊசி மாதிரி நீளமான ஒற்றை இறகு. கரையில் குப்புறப் படுத்தால்தான் படம் சரியாக வரும். சகலை கேமராவை நீட்டினார்.

"நீங்க எடுங்க."

ஸ்டூடியோக்காரர் கேமராவை வாங்கினார். கார்டைக் கழற்றிப் பார்த்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"பயப்படாதீங்க சகலை," என்றார் மற்றவர். "கல்யாணம் மாதிரி இல்ல. இதுங்க அடுத்த வருஷமும் வரும்."

சகலை என்று அவர் வாய்விட்டுக் கூப்பிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். "என்னை மன்னிச்சிடுங்க," என்றார்.

"அட, விடுங்க. மூணு மாசத்துலயே கோபம் போயிடுச்சு. எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. நாளாக நாளாக வெக்கமாயிடுச்சு. வாத்து போயிடப் போகுது, படுங்க."

படுத்தார். சட்டையெல்லாம் சேறு. ஒரு வாத்து அவர் பக்கம் திரும்ப, பழக்கதோஷத்தில், "தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க," என்றார். சகலை வெடித்துச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் குளமே எழுந்து பறந்தது. ஸ்டூடியோக்காரரின் விரல் தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே போனது. முக்கால்வாசி வெறும் இறக்கைக் கலவரம். மூன்று படங்களில் மட்டும் ஊசிவால் வானத்தில் கீறின மாதிரி தெளிவாக விழுந்திருந்தது. மூன்றையும் அங்கேயே தன் போனில் ஏற்றினார். சகலையின் போனிலும் ஏற்றினார்.

திரும்பும்போது ரேடியோவை யாரும் போடவில்லை. தவறு செய்தவர் படியேறிப் போயிருக்க வேண்டும். இழப்பைச் சுமந்தவர் வந்து கூப்பிட்டிருக்கிறார். இதற்கு என்ன கைமாறு செய்வது என்று ஸ்டூடியோக்காரருக்குத் தெரியவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. வெயில் மறைப்பை இறக்கக்கூட மனமில்லாமல், நிறைந்த நெஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மனைவி சேற்றுச் சட்டையை வாளியில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

"வாத்தைப் பத்தி."

"அஞ்சு மணி நேரமுமா?"

"நிறைய வாத்து," என்றார் அவர்.

அவள் ஈரக் கையோடு அக்காவுக்குப் போன் போட ஓடினாள்.