குமிழிச் சித்தி மலைக்குப் போன கதை

என் சித்தியின் டயர் கடை, மலைப்பாதை தொடங்கும் முக்கில் இருந்தது. தார் ரோடு அங்கே முடிந்துவிடும். அதற்கப்பால் கல்லும் மண்ணும் முள்ளும்தான். மேலே போன ஜீப்பும் டிராக்டரும் இறங்கி வரும்போது எப்படியும் ஏதாவது ஒரு சக்கரத்தில் காற்று இறங்கித்தான் வரும். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கை ஓயாத வேலை.

லெவர் போட்டு ரிம்மிலிருந்து டயரைப் பிரிப்பது சித்தப்பா. காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது சித்தி. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அழுத்திப் பிடித்துத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். ஊசிமுனை அளவு குமிழி வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. டிரைவர்கள் 'குமிழி அக்கா' என்றார்கள். நாங்கள் குமிழிச் சித்தி ஆக்கிக்கொண்டோம். லீவுக்குப் போனால் வாசலிலேயே ரப்பர் சொல்யூஷன் வாசனை வரவேற்கும். கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு துணித்திரைதான். டியூபில் தடவும் வெள்ளைப் பவுடரின் விரல்தடம் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்திலும் இருக்கும். "நல்லா சாப்பிடு, அப்பத்தான் காத்து நிக்கும்" என்று எங்கள் வயிற்றைத் தட்டுவாள்.

அவள் மட்டும் அந்த மலைக்கு ஒருநாளும் போனதில்லை. "நான் ஒட்டின டயரெல்லாம் போய்ட்டு வருது. நான்தான் இங்கயே இருக்கேன்" என்பாள்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். சித்தப்பா பெரிய டிராக்டர் டயரைத் தூக்கப்போய், இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து, மேலேயிருந்து வந்த டிராக்டர்காரர் சேதி கொண்டுவந்தார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பிய நர்ஸின் ஜீப் பாதி வழியில் நிற்கிறதாம். ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை.

எழப் பார்த்த சித்தப்பா, "ஐயோ" என்று மறுபடி சாய்ந்தார்.

"திரும்பிப் படுக்கவே உங்களுக்கு ஆள் வேணும். பேசாம இருங்க, நான் போறேன்" என்றாள் சித்தி.

"தனியா லெவர் போட்டுடுவியா?"

"இத்தனை வருஷம் உங்க பக்கத்துல உக்காந்து வேடிக்கையா பாத்தேன்?"

லெவர்கள், டியூப், கைப்பம்பு, ஓட்டை அடைக்கும் சீலண்ட் பாட்டில் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு, வந்த டிராக்டரையே திருப்பச் சொல்லி ஏறினாள்.

நர்ஸ் ஒரு பாறை நிழலில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஐஸ் கரையறதுக்குள்ள முடிஞ்சிடுமாக்கா?"

"ரெண்டு பேர்ல யாரு முந்துறாங்கன்னு பாத்துடுவோம்" என்றாள் சித்தி.

ஸ்டெப்னியில் முள் குத்திய சின்ன ஓட்டைதான். முள்ளைப் பிடுங்கி, வால்வு வழியாகச் சீலண்டை ஊற்றிக் காற்றடித்துச் சக்கரத்தை உருட்டினாள். ஓட்டையில் நுரை தள்ளியது, பிறகு அடங்கியது.

"போதும்க்கா, இதை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம்" என்றார் டிரைவர்.

"ஸ்டெப்னி இல்லாம இந்தப் பாதையில போவியா? கொஞ்சம் பொறு."

பக்கவாட்டுக் கிழிசலுக்குச் சீலண்ட் நிற்காது. டயரைப் பிரித்தாக வேண்டும். நர்ஸ் ஒரு லெவரை மிதித்துக்கொள்ள, சித்தி இன்னொன்றில் தொங்கினாள். மூன்று பேரும் வியர்த்துக் கொட்டியபின் டயர் விட்டுக்கொடுத்தது. உள்ளே கையால் துழாவிக் கல்லையும் முள்ளையும் எடுத்தாள். கிழிசலுக்குப் பின்னால் பழைய டியூப் துண்டு ஒன்றை அண்டக் கொடுத்தாள். பவுடர் தடவிய புது டியூபை உள்ளே நுழைத்துக் காற்றடித்தாள். "இது அவசரத்துக்குத்தான். கீழ வந்ததும் டயரையே மாத்திடு" என்றாள்.

ஐஸ் கரைந்திருக்கவில்லை. நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். "நீங்களும் மேல வாங்கக்கா. மறுபடி ஏதாவது ஆனா யாரைத் தேடுறது?"

சித்தி பாதையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

மேலே ஒரு மரத்தடியில் அம்மாக்கள் காத்திருந்தார்கள். ஊசி போட்டதும் வீறிட்ட ஒரு குழந்தையைச் சித்தி வாங்கிக்கொண்டாள். அதன் வெள்ளைச் சட்டையில் அவளுடைய கரிக்கை அப்படியே பதிந்துவிட்டது. பதறிப் போனாள், குழந்தையின் அம்மா சிரித்துவிட்டாள். அங்கிருந்து கீழே பார்த்தால், ரோடு நூலாகக் கிடந்தது. கடை பொத்தான் அளவு. "அந்தப் பொத்தானுக்குள்ளதான் என் வீட்டுக்காரர் படுத்திருக்கார்" என்று நர்ஸிடம் சொன்னாளாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டதாம்.

சாயங்காலம் சித்தப்பா சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். "போனவ அங்கயே குடியேறிட்டியோன்னு நெனச்சேன்."

"நான் வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேங்க."

"எனக்கு இடுப்புல பிடிச்சது உனக்குத் தலையில பிடிச்சிடுச்சா?"

அப்படிக் கேட்டவரேதான், அடுத்த கோடைக்குள் குவாரியில் ஓரங்கட்டியிருந்த ஒரு ஜீப்பை வாங்கி வந்தார். நாலு ரிம்மும் நெளிந்து காற்றுக் கசிந்தது. இருவரும் உட்கார்ந்து நாலுக்கும் டியூப் போட்டார்கள். நர்ஸின் டிரைவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

லீவு நாட்களில் எங்களை எல்லாம் பின்னால் அள்ளிப் போட்டுக்கொண்டு சித்தி மலையேறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வளைவுக்கு வளைவு நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிவோம். சித்தப்பா கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

"கண்ணத் தொறங்க, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

"நீ பாதையப் பாரும்மா. அழகை நான் எறங்கிப் பாத்துக்கறேன்."

மேலே போனதும் இறங்கி, நிஜமாகவே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் காலமாகும்வரை இருவரும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது உச்சிவரை தார் ரோடு வந்துவிட்டது. சித்தியைப் போன மாதம் காரில் கூட்டிப்போனேன். ஒரு குலுக்கல்கூட இல்லை. "என்னடி இது, வீட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டே, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள்.